டேட்டாபேஸ்கிட்டயே கேளுங்க

எஸ்க்யூஎல் கத்துக்க ஆரம்பிக்கிற பலருக்கும் முதல் பயம் ஒண்ணுதான்: "இவ்வளவு கீவேர்டு, இவ்வளவு ஃபங்ஷன், எப்படி மனப்பாடம் பண்றது?" என் பதில், பண்ணவே வேண்டாம். டேட்டாபேஸ்கிட்டயே கேட்கலாம். அப்படிக் கேட்க முடியறது ஒண்ணும் சும்மா வந்ததில்லை. இன்னைக்கு அந்தக் கதை.

1960களின் கடைசி. ஐபிஎம்மின் ஐஎம்எஸ் போன்ற சிஸ்டங்களில் தகவல் மரக்கிளை மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். எந்தக் கிளை வழியா இறங்கணும்னு புரோகிராமருக்குத் தெரிஞ்சிருக்கணும். தகவல் கம்பெனியோடது, ஆனா, அதுக்கு வழி தெரிஞ்சவங்க சிலர்தான்.

1970இல், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லாத்தையும் அட்டவணையா வைப்போம். என்ன வேணும்னு மட்டும் சொல்லுவோம். எப்படி எடுக்கறதுங்கறதை சிஸ்டம் பார்த்துக்கட்டும். 1974இல் அதே கம்பெனியின் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இதற்காக 'சீக்குவல்' என்ற மொழியை முன்வைத்தார்கள். டிரேட்மார்க் சிக்கலால் அதுவே பின்னால் எஸ்க்யூஎல் ஆனது. செலக்ட், ஃப்ரம், வேர் எல்லாம் நமக்கு அங்கிருந்து வந்தவைதான்.

1980களில் 'ரிலேஷனல்' என்ற சொல் ஃபேஷன் ஆகிவிட்டது. பழைய சரக்குக்கும் அந்த லேபிளை ஒட்டி வித்தாங்க. காட் சும்மா இருக்கவில்லை. 1985இல் கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகையில், எது உண்மையான ரிலேஷனல்னு சொல்ல விதிகள் எழுதினார். '12 விதிகள்'னு பேர் வாங்கியது அதுதான். எனக்குப் பிடிச்சது நாலாவது. டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரத்தையும் அட்டவணையாவே வெச்சிருக்கணும். அனுமதி உள்ளவர் அதையும் அதே மொழியில் கேட்க முடியணும்.

அந்த விதியின் பலனைத்தான் நாம இன்னைக்கு அனுபவிக்கிறோம். போஸ்ட்கிரெஸ்ல 'ஆர்டர்'னு டேபிள் உருவாக்கிப் பாருங்க, எரர் வரும். ஏன்? 'பிஜி கெட் கீவேர்ட்ஸ்' என்ற ஃபங்ஷனை செலக்ட் போட்டுக் கேளுங்க. கீவேர்டுகள் அட்டவணையா வரும். 'ஆர்டர்' பக்கத்துல 'ரிசர்வ்டு'னு இருக்கும். ஃபங்ஷன்களும் அப்படித்தான். 'பிஜி பிராக்' என்ற அட்டவணையில் ஒவ்வொண்ணும் ஒரு வரிசை. பெயர்ல 'டிரிம்' வர்றது எதெல்லாம்னு தேடினா, நீங்க கேள்விப்படாததும் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் 8லயும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வுக்குள்ள 'கீவேர்ட்ஸ்' அட்டவணை இருக்கு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. புத்தகமும் வீடியோவும் வேற வெர்ஷனைப் பற்றிப் பேசலாம். டேட்டாபேஸ் தர்ற பட்டியல், உங்க மெஷின்ல இப்போ ஓடுற வெர்ஷனோடது. அதனால கோர்ஸ்ல முதல் நாளே செலக்ட் கத்துக்கிட்டீங்கன்னா, மத்ததைத் தேடுற கருவி உங்க கைக்கு வந்தாச்சு. எல்லாம் தெரிஞ்ச சீனியர் பக்கத்துல இல்லைன்னாலும் வேலை நிக்காது.