விண்வெளிக் கதைகளின் கொடுக்கல் வாங்கல்

விஞ்ஞானப் புனைகதைகளைத் திரையில் காட்டும் கலை தோன்றிய காலந்தொட்டு, ஒருவர் சிருஷ்டித்த கற்பனையை மற்றொருவர் எடுத்தாளுவது அந்தக் கலையின் சுபாவமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகாயக் கப்பல், இயந்திர மனிதன், காலத்தில் பின்னோக்கிப் பிரயாணம் செய்யும் வீரன், வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கும் விருந்தாளி என்று இன்று குழந்தைகளுக்குங்கூடப் பழகிப்போன உருவங்களில் எதையும், இது இன்னாருக்கு மட்டுமே சொந்தம் என்று துணிந்து கூற முடியாது. ஆயினும் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொள்ளவில்லை. சிலர் கொடுத்தவரின் பெயரை மனமாரச் சொல்லிப் போற்றினார்கள். சிலர் வழக்கு வந்துவிடும் என்று கண்ட பிறகே ஒப்புக்கொண்டார்கள். வேறு சிலருடைய விஷயத்தில், கடன் உண்டா இல்லையா என்பதே இன்றளவும் தீராத விவாதமாக நிற்கிறது. வாங்குவதில் தோஷமில்லை, யாரிடம் வாங்கினோம் என்பதை மறைப்பதில்தான் தோஷம் இருக்கிறது என்ற என் அபிப்பிராயத்தை இந்தச் சரித்திரம் முழுவதும் உறுதிப்படுத்துவதாகவே காண்கிறேன்.

ஜாலவித்தைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னர்ப் படம் பிடிக்கும் தொழிலுக்கு வந்த ஜார்ஜ் மெலியெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், 1902-ஆம் ஆண்டில் சந்திரனுக்குப் பிரயாணம் போவதைப் பற்றிச் சுமார் கால் மணி நேரம் ஓடக்கூடிய படமொன்றை எடுத்தார். பெரிய பீரங்கியில் வைத்து மனிதரைச் சந்திரனுக்குச் சுடும் உபாயம் 1865-இல் வெளியான ஜூல் வெர்னின் நாவலிலிருந்தும், அங்கே நிலவறைகளில் வாழும் விசித்திர ஜீவன்கள் 1901-இல் வெளியான எச்.ஜி. வெல்ஸின் நாவலிலிருந்தும் வந்தவை. ஆனால் பீரங்கிக் குண்டு நிலவின் முகத்திலே, அதுவும் கண்ணிலே போய்ப் பாயும் காட்சி இருக்கிறதே, அது மெலியெஸுக்கே உரியது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் படத்தை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு காட்சிக்காகத்தான். அமெரிக்காவிலோ அப்படத்தின் பிரதியைக் கள்ளத்தனமாக எடுத்து, அதிலிருந்து பல பிரதிகள் செய்து விற்றவர்கள் இருந்தார்கள். எடிசனின் கம்பெனியும் அவர்களில் ஒன்று. தம் உரிமையைக் காப்பதற்காக மெலியெஸ் 1903-இல் தம் சகோதரர் காஸ்டனை நியூயார்க்குக்கு அனுப்பிக் கிளை ஒன்றைத் திறக்கும்படி நேர்ந்தது. போதாக்குறைக்கு, 1908-இல் பாத்தே கம்பெனிக்காக செகுந்தோ தே சோமோன் என்பவர் அதே கதையை ஏறக்குறைய அதே காட்சிகளோடு மறுபடியும் எடுத்து வெளியிட்டார். மெலியெஸின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவர் தம் முதுமையில் பாரிஸின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். வெர்னிடமும் வெல்ஸிடமும் அவர் வாங்கியதும் எடுத்தாளுதல்தான், அவரிடம் மற்றவர்கள் பறித்ததும் எடுத்தாளுதல்தான். எனினும் முன்னதில் புதியதொன்று பிறந்தது, பின்னதில் ஒன்றும் பிறக்கவில்லை.

கதையிடமிருந்து கதை வாங்குவது ஒருபுறமிருக்க, கதையிடமிருந்து விஞ்ஞானமே கடன் வாங்கிய சம்பவமும் உண்டு. ஜெர்மானிய இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் 1929-இல் எடுத்த சந்திரப் பிரயாணப் படத்துக்கு ராக்கெட் சாஸ்திர முன்னோடியான ஹெர்மன் ஓபர்த் ஆலோசகராக இருந்தார். ராக்கெட் கிளம்பும் தருணத்தைச் சபையோர் நன்கு உணரவேண்டும் என்பதற்காக, எண்களை இறங்குமுகமாக எண்ணி முடிக்கும் உத்தியை லாங் அப்படத்தில் கையாண்டார். இன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற அந்த எண்ணிக்கைக்கு, ஒரு மௌனப் படம் இப்படி முன்னோடியாக நிற்கிறது.

எடுத்தாளுதலின் பெரிய உதாரணமாக எல்லோரும் சொல்வது, 1977-இல் ஜார்ஜ் லூகாஸ் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ்'. சிறு வயதில் தம்மைக் கவர்ந்த 'ஃப்ளாஷ் கார்டன்' சித்திரக் கதையைத்தான் அவர் முதலில் படமாக்க விரும்பினார், உரிமை கிடைக்கவில்லை, ஆகவே தமக்கென்று ஓர் உலகத்தையே படைத்துக்கொள்ளத் தீர்மானித்தார். 1936 முதல் வெளிவந்த ஃப்ளாஷ் கார்டன் தொடர்படங்களின் சாயல் அவ்வுலகத்தில் ஆழமாகப் படிந்திருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் எழுத்துக்கள் கீழிருந்து மேலே ஏறித் தூரத்தில் மறைகின்றனவே, அந்த முறை 1940-இல் வந்த தொடரிலேயே இருந்தது. பெரும் போரின் நடுவே, சதா சச்சரவிட்டுக்கொண்டு திரியும் இரண்டு எளியவர்களின் பார்வையில் கதையைச் சொல்லும் உபாயம், ஜப்பானியரான அகிரா குரோசாவாவின் 1958-ஆம் ஆண்டுப் படமான 'மறைந்த கோட்டை'யிலிருந்து வந்தது. அங்கே குடியானவர்களாக இருந்தவர்கள் இங்கே இயந்திரங்களானார்கள். பொன்னிற இயந்திர மனிதனின் உருவமோ லாங்கின் 1927-ஆம் ஆண்டு 'மெட்ரோபொலிஸ்' படத்து இயந்திரப் பெண்ணின் வாரிசு. இத்தனையும் வாங்கிய லூகாஸை நான் குறைகூற மாட்டேன். ஏனெனில் குரோசாவாவுக்குப் படமெடுக்கப் பணம் கிடைக்காமல் தவித்த ஒரு காலம் வந்தது. அப்போது லூகாஸும் ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கப்போலாவும் முன்னின்று, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனியைப் பணம் போடச் செய்தார்கள். 1980-இல் 'காகெமுஷா' என்ற மகத்தான படம் வெளிவந்தது. வாங்கிய கடனை இதைவிடக் கௌரவமாகத் திருப்பிக் கொடுத்த சிஷ்யர்கள் சினிமா உலகத்தில் அரிது.

அதே ஃபாக்ஸ் கம்பெனி 1978-இல், 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற தொலைக்காட்சித் தொடர் தங்கள் 'ஸ்டார் வார்ஸி'லிருந்து 34 விஷயங்களை எடுத்துக்கொண்டது என்று யுனிவர்சல் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது. யுனிவர்சலோ, தங்களுடைய 1972-ஆம் ஆண்டுப் படமான 'சைலன்ட் ரன்னிங்'கில் வரும் குட்டி இயந்திரங்களையும், பழைய 'பக் ராஜர்ஸ்' தொடர்படங்களையும் பார்த்துத்தான் 'ஸ்டார் வார்ஸ்' எடுக்கப்பட்டது என்று எதிர் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டு ஃபாக்ஸின் வழக்கைத் தள்ளியது. 1983-இல் மேல்கோர்ட்டு, விசாரிக்க வேண்டிய வழக்குத்தான் என்று திருப்பி அனுப்பியது. முடிவில் இரு கட்சியாரும் சமாதானமாகப் போனார்கள். கருத்துக்கு உரிமை கிடையாது, கருத்தை வெளியிட்ட உருவத்துக்கே உரிமை உண்டு என்பது சட்டத்தின் நிலை. அந்த நிலை நியாயமானதே. இல்லையேல் காலயந்திரத்தைப் பற்றி வெல்ஸுக்குப் பிறகு ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. ஆனால் சட்டம் எட்டாத அந்த விசாலமான வெளியில் மனிதனுடைய பண்பு ஒன்றுதான் காவல்.

அந்தப் பண்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் சரித்திரத்தில் இரண்டு திருஷ்டாந்தங்கள் இருக்கின்றன. அத்தொடருக்குச் சென்ற கதைகளையெல்லாம், வேறெங்கேனும் அவற்றின் சாயல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஓர் ஆராய்ச்சிக் குழு இருந்தது. தயாரிப்பாளரான ஜீன் கூன் எழுதிய 'அரீனா' என்ற கதை, ஃப்ரெட்ரிக் ப்ரௌன் 1944-இல் அதே பெயரில் எழுதிய சிறுகதையை ஒத்திருக்கிறது என்று அக்குழுவினர் கண்டுபிடித்தார்கள். கூன் வேண்டுமென்று எடுத்தவரல்லர். என்றோ படித்தது நினைவின் அடியில் கிடந்து தம் சொந்தக் கற்பனைபோல மேலெழுந்திருக்க வேண்டும். உடனே ப்ரௌனுக்குச் செய்தி அனுப்பி, அனுமதி பெற்று, 1967-இல் அப்பகுதி ஒளிபரப்பானபோது மூலக்கதை அவருடையது என்று திரையில் பெயரும் போட்டார்கள்.

இரண்டாவது திருஷ்டாந்தம் இன்னும் இனியது. டேவிட் ஜெரால்ட் என்ற இளைஞர் அதே ஆண்டில் அத்தொடருக்கு ஒரு கதை எழுதினார். உருண்டையாக, மெத்தென்ற உரோமத்தோடு, தடவிக் கொடுத்தால் இனிமையாக முனகுகிற டிரிபிள் என்ற சிறு பிராணி ஒன்று கப்பலுக்குள் வருகிறது; வந்தது ஒன்று, சில தினங்களில் அது பலவாகப் பெருகிக் கப்பலையும் விண்வெளி நிலையத்தின் தானியக் களஞ்சியத்தையும் நிறைத்துவிடுகிறது. ராபர்ட் ஹைன்லைன் 1952-இல் எழுதிய 'தி ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற நாவலில், செவ்வாய்க் கிரகத்துத் தட்டைப் பூனைகள் இதேபோல் கப்பலுக்குள் பெருகும் கட்டம் ஒன்று இருக்கிறது என்று ஆராய்ச்சிக் குழு எச்சரித்தது. ஹைன்லைனோ அந்தத் துறையின் பெரிய ஆசாரியர்களில் ஒருவர். ஜெரால்டோ ஊர் பேர் அறியாத இளைஞர். ஹைன்லைன் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் அந்த இளைஞருடைய எழுத்து வாழ்க்கை தொடக்கத்திலேயே கருகிப் போயிருக்கும். அவர் மறுக்கவில்லை. கையொப்பமிட்ட திரைக்கதைப் பிரதி ஒன்று போதும் என்றார். அதோடு நில்லாமல், எல்லிஸ் பார்க்கர் பட்லர் என்பவர் 1905-இல் எழுதிய கதையொன்றுக்குத் தாமும் கடன்பட்டவர் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ரயில் பார்சல் ஆபீஸ் ஒன்றில் இரண்டு கினிப்பன்றிகளுக்குப் பன்றிக் கட்டணமா, வளர்ப்புப் பிராணிக் கட்டணமா என்று தகராறு நடந்துகொண்டிருக்கையில், அவை பெருகிப் பெருகி ஆபீஸையே அடைத்துவிடும் ஹாஸ்யக் கதை அது. ரயில் ஆபீஸில் பிறந்த ஒரு வேடிக்கை, செவ்வாய்ப் பூனையாகி, டிரிபிளாகி, அறுபத்திரண்டு ஆண்டுகளில் நட்சத்திர மண்டலம் வரையில் போய்ச் சேர்ந்துவிட்டது! ஒவ்வொரு கையிலும் அது சற்றே மெருகேறியது. மற்றொருவரிடம் பெற்றதை ஒப்புக்கொண்டதனால் ஹைன்லைனின் பெருமை குறையவில்லை, உயர்ந்தே நிற்கிறது.

இதற்கு நேர்மாறான கசப்பும் உண்டு. 1984-இல் ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர்' வெளிவந்தபோது, எதிர்காலப் போர்க்களத்திலிருந்து இக்காலத்து வீதியில் வந்து விழும் வீரனின் கதை, தாம் 1964-இல் 'அவுட்டர் லிமிட்ஸ்' தொடருக்கு எழுதிய 'சோல்ஜர்' என்ற பகுதியைச் சார்ந்தது என்று ஹார்லன் எல்லிசன் ஆட்சேபித்தார். படக் கம்பெனி வழக்கின்றிச் சமாதானம் செய்துகொண்டு, அவருடைய படைப்புகளுக்கு நன்றி தெரிவிக்கும் வாசகத்தைப் படத்தில் சேர்த்தது. கேமரூனுக்கு அது சம்மதமாக இல்லை. முதலிலேயே செலுத்தப்படாத நன்றி பின்னால் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும், அதில் இரு தரத்தாருக்கும் திருப்தி உண்டாவதில்லை.

இவற்றையெல்லாம்விட நம் மனத்தை வருத்தும் வரலாறு சத்யஜித் ரேயினுடையது. 1962-இல் 'சந்தேஷ்' பத்திரிகையில், வங்காள கிராமமொன்றில் வந்திறங்கும் சாதுவான வேற்றுக்கிரகவாசியைப் பற்றி அவர் ஒரு சிறுகதை எழுதினார். பிறகு, கொழும்பில் குடியேறியிருந்த ஆர்தர் கிளார்க்கின் ஊக்கமும், கிளார்க்கின் கூட்டாளியும் சிங்களப் படத் தயாரிப்பாளருமான மைக் வில்சனின் முயற்சியும் சேர, 1967-இல் 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். விண்கலம் ஒன்று கிராமத்துத் தாமரைக் குளத்தில் விழுகிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் உச்சியைப் பார்த்த ஜனங்கள், மூழ்கிக் கிடந்த கோயிலொன்று வெளிப்பட்டதாக எண்ணிப் பூஜை செய்கிறார்கள். உள்ளிருந்து வந்த சிறிய ஜீவன் ஓர் ஏழைச் சிறுவனோடு சிநேகமாகிறது, வயலில் நெல்லை ஒரே இரவில் விளையச் செய்கிறது. கொலம்பியா கம்பெனி தயாரிப்பதாக இருந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகப் பேச்சும் நடந்தது. ஆனால் ஒன்றும் கைகூடவில்லை. திரைக்கதையின் உரிமைப் பக்கத்தில் தம் பெயரோடு வில்சனின் பெயரும் அச்சாகியிருந்ததைக் கண்டு தாம் திடுக்கிட்டதை ரேயே எழுதியிருக்கிறார். தட்டெழுத்துப் பிரதிகள் மட்டும் ஹாலிவுட்டில் கை மாறிக்கொண்டிருந்தன.

1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தது. அதிலும் சாதுவான சிறிய ஜீவன், அதற்குச் சிநேகிதனான சிறுவன், தொட்டால் உயிர்பெறும் வாடிய மலர். தம் திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்காவில் பரவியிராவிட்டால் இப்படம் சாத்தியமாகியிராது என்று ரே கருதினார். அந்தப் பிரதிகள் உலவிய காலத்தில் தாம் பள்ளி மாணவன் என்று சொல்லி ஸ்பீல்பெர்க் மறுத்தார். ரே வழக்குத் தொடுக்கவில்லை. வேற்றுலகத்தவன் என்றால் படையெடுத்து வருபவன் என்றே பெரும்பாலும் காட்டிவந்த காலத்தில், அவனை மனிதனின் தோழனாகக் கண்ட கற்பனையை ரே 1962-லேயே அச்சில் வெளியிட்டுவிட்டார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அது ஹாலிவுட்டைச் சென்றடைந்ததா என்பதைத் தீர்ப்பதற்கு எந்த நியாயஸ்தலமும் கூடவில்லை. என் மட்டில், அந்த முதன்மையை உலகம் ரேக்கு வழங்கியே ஆகவேண்டும் என்று சொல்வேன்.

அந்தத் திரைக்கதையும், அது படமாகாமற் போன கதையை ரே தம் கையால் எழுதிய கட்டுரையும், 2018-இல் ஒரே புத்தகமாக வெளிவந்திருக்கின்றன. 'ஈ.டி.'யைப் பார்த்து மகிழ்ந்த தமிழ் வாசகர்கள் அந்தப் புத்தகத்தையும் ஒருமுறை வாங்கிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.