பூட்டிய ஏடு

நகலெடுப்பது என்றாலே திருட்டு என்று நினைக்கப் பழகிவிட்டோம். நம் பழைய இலக்கியம் நகலெடுக்கப்பட்டே உயிர்வாழ்ந்தது. ஓலையின் ஆயுள் இருநூறு, முந்நூறு ஆண்டுகள். அதற்குள் ஒருவன் இன்னொரு ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். அவன் பிழை செய்தான், இடைச்செருகினான், நூல் நின்றது.

நான் இருக்கும் ரெட்டியார்பாளையத்துக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே, கடலோரத்தில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் உள்ள சம்ஸ்கிருத நூல்கள். இன்று கிரந்தம் படிப்பவர்கள் சிலரே. ஆனாலும் கற்றுக்கொண்டால் படித்துவிடலாம். ஓலை யாரையும் தடுப்பதில்லை.

கணினித் தமிழுக்கும் முதலில் இதே கஷ்டம்தான். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் வெறும் கிறுக்கல். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை இணைமதியில் தந்தது. பின்பு டிஸ்கி, அதன் பின் யூனிகோடு. 2010ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. மாற்றி எழுத முடிந்ததற்குக் காரணம், கோப்புகள் திறந்திருந்தன என்பதே.

2016 டிசம்பரில் கிண்டிலுக்குத் தமிழ் நூல்கள் வந்தன. எழுத்துப் பிரச்னை தீர்ந்தது, பூட்டு வந்தது. பூட்டிய நூல் விற்றவனின் கருவியிலோ செயலியிலோதான் திறக்கும். 2009ல் அமேஸான், உரிமையில்லாதவர் விற்ற பதிப்பு என்று சொல்லி, ஆர்வெல்லின் '1984'ஐ வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. 2019ல் மைக்ரோஸாஃப்ட் தன் புத்தகக் கடையை மூடியது. பணம் திரும்பியது, நூல்கள் போயின. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிவைக்கும் வழியையும் அமேஸான் நிறுத்திவிட்டது.

எழுத்தாளனுக்குக் காசு வேண்டாமா? வேண்டும். அதற்காகத்தான் காப்புரிமைச் சட்டம், ஆசிரியன் இறந்து 60 ஆண்டுகள்வரை. பிறகு நூல் எல்லோருக்கும் சொந்தம். பூட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. 2012ல் திருத்திய நம் சட்டம், உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவனுக்கு இரண்டாண்டுவரை சிறை என்கிறது. காலம் முடிந்த நூலின் பூட்டைத் திறந்துகொடுக்கும் கடமையை யார்மீதும் சுமத்தவில்லை.

1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' இதழ்களை இன்று படிக்கிறோம் என்றால், யாரோ பாதுகாத்தார்கள், யாரோ நகலெடுத்தார்கள். சில நூறு பேருக்காக எழுதும் நமக்கு அந்த 'யாரோ'தான் நூலகம். மின்நூல் வெளியிடும்போது பூட்டு வேண்டுமா என்று நம்மையே கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இன்னும் நம் கையில் இருக்கிறது.