கொட்டேஷன் சீட்டில் ஓர் எழுத்து

மணவாள நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைப் பிடித்துப் போனால், டெல் நிறுவனம் 2007-இல் தொடங்கிய கம்ப்யூட்டர் ஆலை வரும். ஆனா நம்ம ஊர்க்காரருக்கு கம்ப்யூட்டர் வேணும்னா ரொம்ப காலம் வழி அது இல்லை, நேர் எதிர்த் திசை. திருவள்ளூர் ஸ்டேஷனில் லோக்கல் ஏறி, 42 கிலோமீட்டர் தள்ளி சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகணும். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர்னு வரிசையா எழுதி, பக்கத்தில் விலை போட்ட கொட்டேஷன். கம்பெனி ஷிப்டுக்குப் போகிற ஒருத்தரோட சில மாதச் சம்பளம் அந்தச் சீட்டில் இருந்தது. பையனோ பொண்ணோ காலேஜ் சேர்ந்த வருஷத்தில்தான் பெரும்பாலும் அந்தப் பயணம் நடக்கும்.

அந்தச் சீட்டின் வரலாற்றைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறேன்.

ரிச்சி தெரு கம்ப்யூட்டருக்காக உருவான இடம் இல்லை. ரேடியோ, டிரான்சிஸ்டர், ஆம்ப்ளிஃபயர் உதிரிகளை வைத்துப் பிழைத்த தெரு அது. ஒரு செட்டை முழுசா விற்பதைவிட, அதன் உள்ளே இருப்பதைத் தனித்தனியா விற்கத் தெரிந்த வியாபாரிகள் அங்கே முன்னாடியே இருந்தாங்க. நவம்பர் 1984-இல் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. 1991-க்குப் பிறகு கதவு இன்னும் அகலமாத் திறந்தது. ஐபிஎம் பி.சி.யின் அமைப்பும் எல்லாருக்கும் தெரிந்ததா இருந்ததால், தைவான் போர்டையும் எங்கிருந்தோ வந்த ரேமையும் ஒரே டப்பாவில் பொருத்த முடிந்தது. ரேடியோ விற்ற தெருவுக்கு இது புதுத் தொழில் இல்லை, பழைய தொழிலுக்கு வந்த புதுச் சரக்கு.

பிராண்டட் மெஷினில் கலால் வரி, விற்பனை வரி, கம்பெனி லாபம் எல்லாம் ஏறி நிற்கும். அசெம்பிள்டு மெஷினில் அதில் பாதி இருக்காது. "பில் வேணுமா, வேணாமா சார்?" என்கிற கேள்விக்குப் பொருளே அதுதான். பில் வேண்டாம் என்றவருக்கு, போர்டின் ஓரத்தில் தேதி எழுதி ஒட்டிய சின்ன ஸ்டிக்கர்தான் வாரண்டி.

இதில் எனக்கு முக்கியமாப் படுவது விலை இல்லை, அந்தச் சீட்டில் இருந்த பெயர்கள்.

1998-ஐ எடுத்துக்குங்க. அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் கீழே மலிவு பி.சி.க்கள் வர ஆரம்பித்து, அந்தச் சந்தையை ஏ.எம்.டி.யும் சைரிக்ஸும் பிடித்துக்கொண்டிருந்தன. இன்டெல் அவசரமா ஒரு மலிவுச் சிப்பை இறக்கியது: செலரான். பென்டியம் 2-இல் இருந்த இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தை மொத்தமா எடுத்துவிட்டார்கள். கேஷ் என்பது, அடிக்கடி தேவைப்படும் தகவலை பிராசஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம். அடுப்பு மேடையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சிட்டிகைக்கும் கடைக்கு ஓடணும். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். ஆகஸ்ட் 1998-இல் இன்டெல் திருத்திக்கொண்டு செலரான் 300ஏ என்று ஒன்றை வெளியிட்டது. அதில் 128 கிலோபைட் கேஷ், பிராசஸரின் முழு வேகத்திலேயே ஓடும். பென்டியம் 2-இல் 512 கிலோபைட் இருந்தாலும் பாதி வேகம்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. 300ஏ-யின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை நாலரையால் பெருக்கி வருவது. பஸ்ஸை 100-க்கு மாற்றினால் 450. இது பல சிப்களில் சிரமமே இல்லாமல் ஓடியது. அதே மாதம் வந்த, பல மடங்கு விலையுள்ள உச்ச பென்டியம் 2-இன் வேகமும் அதே 450 மெகாஹெர்ட்ஸ்.

ஆக, செலரான் 300 என்பது ஏமாற்றம், செலரான் 300ஏ என்பது அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த மலிவுச் சிப். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சீட்டில் "செலரான் 300" என்று எழுதிக்கொண்டு போனவருக்கு எது கிடைத்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இது தற்செயல் இல்லை. மலிவுப் பொருள் ரொம்ப நல்லா இருந்தால் விலை உயர்ந்ததை யார் வாங்குவார்? அதனால் மலிவு வரிசையில் எதையாவது வெட்டணும். வெட்டியதைப் பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள், பெயரின் வாலில் ஓர் எழுத்தா வைப்பார்கள், சில சமயம் அதுவும் கிடையாது.

அடுத்த சில வருஷங்களில் இந்த வெட்டு மதர்போர்டுக்கு வந்தது. 1999-இல் வந்த இன்டெல் 810 சிப்செட்டில் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது, தனி கார்டு வாங்க வேண்டாம். சிக்கனம்தான். ஆனா தனி கிராபிக்ஸ் கார்டு செருகும் ஏ.ஜி.பி. ஸ்லாட்டே அதில் கிடையாது. பின்னாடி பணம் சேர்ந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பென்டியம் 4 காலத்தில் 845ஜி, 845ஜிஎல் என்று இரண்டு. ஜி-யில் ஏ.ஜி.பி. ஸ்லாட்டுக்கு வழி உண்டு, ஜிஎல்-லில் இல்லை. கடையில் இரண்டுமே "845 போர்டு". 2018-இல் என்விடியாவின் ஜிடி 1030 கார்டு பெயர் மாறாமலேயே மெமரி மட்டும் மாறி வந்தது. ஜிடிடிஆர்5 வகையில் நொடிக்கு 48 ஜிகாபைட் போன தகவல், டிடிஆர்4 வகையில் 17-க்கும் கீழே இறங்கியது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால், எதை வாங்கினோம் என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.

இப்போதைய சீட்டிலும் இதே கதைதான். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வாங்கக் காசில்லாமல் அதை வாங்கினால், மானிட்டர் கறுப்பாவே இருக்கும். ஏ.எம்.டி.யில் ரைசன் 5600ஜி-யில் உள் கிராபிக்ஸ் இருக்கு, ஆனா கேஷ் பாதி. 5600-இல் கேஷ் முழுசா 32 மெகாபைட், கிராபிக்ஸ் இல்லை. கேம், தனி கார்டு என்று திட்டமிருந்தால் 5600. படிப்புக்கும் டாலிக்கும்தான் என்றால் 5600ஜி போதும், தாராளமா.

சீட்டில் பெயரே இல்லாத ஒரு பொருளும் உண்டு: எஸ்.எம்.பி.எஸ். "கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்." என்று ஒரே வரியில் முடிந்துவிடும். லேபிளில் 450 வாட் என்று இருக்கும். அது தொடர்ந்து தரும் சக்தியா, ஒரு கணம் எட்டும் உச்சமா என்று கேட்பவர் குறைவு. தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும், இலேசா இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சின்னது. 2012-இன் மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு இரண்டு மணி நேரம், சென்னைக்கு வெளியே அதைவிட எவ்வளவோ அதிகம். கரண்ட் போய்ப் போய் வந்ததில் மலிவு எஸ்.எம்.பி.எஸ். போகும்போது போர்டையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகும். என்னைக் கேட்டால், பிராசஸரில் ஒரு படி இறங்கி அந்தக் காசை இங்கே போடலாம். பிராசஸர் மூணு வருஷத்தில் பழசாகும், நல்ல எஸ்.எம்.பி.எஸ். அடுத்த மெஷினுக்கும் வரும்.

ரேம் விலை வேறு ரகம், அது நம்ம கையிலேயே இல்லை. ஜூலை 1993-இல் ஜப்பானின் நிஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சிப் மூடும் பிசினுக்கு உலகமே நம்பியிருந்த ஆலை, ரேம் விலை எகிறியது. செப்டம்பர் 1999-இல் தைவான் நிலநடுக்கம், மறுபடி ஏற்றம். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கின, டிஸ்க் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் திரும்பவும் ரேம். இந்த மாதிரி நேரத்தில் 8 ஜிபி ஒன்றை மட்டும் போட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியா வைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பது பழைய ரிச்சி தெரு வழக்கம். இப்பவும் அது செல்லும்.

அசெம்பிள்டு மெஷினின் விலைச் சாதகம் மெல்லக் கரைந்தது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா சேர்ந்ததால், 2005 வாக்கில் கம்ப்யூட்டர் சாமான்களின் சுங்க வரி பெரும்பாலும் பூஜ்யமானது. அதே 2005-இல் எச்.சி.எல். 9,990 ரூபாய்க்கு லினக்ஸ் பி.சி. விற்றது. 15 செப்டம்பர் 2011 அன்று விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தது, மணவாள நகருக்குப் பக்கத்துக் காக்களூரில்தான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மெஷின் வீடு தேடி வந்தது. லேப்டாப்பில் பாகம் பார்த்துப் பொறுக்க எதுவும் இல்லை, சீட்டும் தேவைப்படவில்லை.

ஆனா சீட்டு சாகவில்லை. இன்று ரிச்சி தெருவில் நல்லா ஓடும் சரக்குகளில் ஒன்று, ஆபீஸ்கள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப்கள். குறைந்த பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கம்மி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதிலும் எம்.டி., எஸ்.எஃப்.எஃப். என்று வகைகள் இருக்கு. எஸ்.எஃப்.எஃப். ஒல்லி டப்பா: முழு உயர கிராபிக்ஸ் கார்டு நுழையாது, கடையில் கிடைக்கும் சாதா எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உள்ளே பொருந்தாது. எம்.டி. என்றால் கார்டுக்கு இடம் உண்டு. ரயில் ஏறும் முன்னாடி இதையும் சீட்டில் எழுதிக்குங்க.