தில்லைக் காடும் சென்னைப் பள்ளியும்: ஓவியத்தில் தனிநடை உருவான வழி

1931ஆம் ஆண்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். பூச்சின் ஈரம் காயும் முன்பே வண்ணம் ஏற்றி எழுதப்பட்டவை அவை என்பதைச் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து காட்டினார். தயங்கும் கைக்கு அந்தச் சுவரில் இடமில்லை. அங்குள்ள ஒரு காட்சி தில்லை அம்பலத்தையே காட்டுவதாக அறிஞர்கள் கொள்கிறார்கள்: ஆடும் கூத்தன், கூரை வேய்ந்த சபை, வழிபட்டு நிற்கும் அரச குடும்பம்.

அந்த ஓவியங்களின்மேல் புதுப் பூச்சுப் பூசி எழுதிய நாயக்கர் கால ஓவியர்களைக் குறை சொல்வது நம் வழக்கம். ஆனால் அவர்களுக்கென்று ஒரு நடை இருந்தது. அதைப் பார்க்கச் சிதம்பரம் சிவகாமசுந்தரி அம்மன் சன்னதி மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்கினால் போதும். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் அவ்வோவியங்களில் கதை பட்டை பட்டையாக நகர்கிறது. பிச்சாடனரும் மோகினியும் முனிவர்களின் வனத்தில் நுழைகிறார்கள். சோழர் ஓவியத்தில் உடலின் திரட்சியைக் காட்டிய கோடு, இங்கே ஆடையின் கரையையும் அணிகலனையும் எண்ணி எண்ணி எழுதும் கோடாகிவிட்டது.

தலத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் இன்று கிழக்கே பிச்சாவரத்துக் கழியோரங்களில்தான் செழித்து நிற்கிறது. கோயிலிலிருந்து அரைநாள் நடையில் அந்தக் காட்டை எட்டிவிடலாம். ஆனாலும் கழிக்கரையில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்து எழுதுவது நாயக்கர் கால ஓவிய மரபின் வழி அன்று. இலைகளை அடுக்கடுக்காகக் கோத்து, குருவிடமிருந்து வந்த வடிவத்திலேயே மரம் எழுதப்பட்டது. அந்த மரபுக்குள்ளும் தனி மனிதர் இருந்தார் என்பதற்குத் திருவாரூர் சாட்சி. தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதை ஓவியங்களில் சிங்காதனம் என்ற ஓவியரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கற்ற வடிவத்தை எழுதியபடியே தன் பெயரையும் எழுதத் துணிந்த அந்தக் கையை, தமிழ் ஓவிய வரலாற்றின் பெரிய திருப்பங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

குரு ஒருவரே என்ற நிலை மாறியது சென்னை ஓவியப் பள்ளியில். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளியின் பொறுப்பை 1929இல் ஏற்றவர், அவனீந்திரநாத் தாகூரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரிடம் பயின்ற கே. சீனிவாசலு, வங்கத்து ஜாமினி ராயிடமிருந்து எளிய வடிவத்தின் துணிவைப் பெற்றார். லேபாட்சிச் சுவரோவியங்களையும் தோற்பாவைகளையும் ஊன்றிப் பார்த்தார். ஜாமினி ராய் வங்கத்துப் பட ஓவியங்களிடம் சென்றார் என்றால், சீனிவாசலு தம் மண்ணின் பாவைகளிடம் வந்தார். ஒருவரின் படத்தைப் பெறாமல் அவர் தேடிய முறையைப் பெறுவது இதுதான்.

இதே பள்ளியில் 1936இல் சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கரின் வளர்ச்சியை ஆண்டு ஆண்டாகத் தொடர முடிகிறது. 1911இல் கோவையில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் எழுதியவை நீர்வண்ண நிலக்காட்சிகள்: கேரளத்துக் கால்வாய், தென்னை, நீரில் விழும் வெளிச்சம். பிச்சாவரத்துக் கழியைக் காணும் எவருக்கும் பழக்கமான உலகம்தான். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954இல் லண்டனில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வான்காவின் தூரிகை வேகமும் கோகானின் தட்டையான நிறங்களும் அவர் படங்களில் துலங்கின. அஜந்தாவின் கோடும் உடன் வந்தது. 1957இல் பள்ளியின் முதல்வரானார். இந்தக் கட்டத்துப் படங்கள் அழகானவை. ஆயினும் எது எவரிடமிருந்து வந்தது என்று தேர்ந்த கண் பிரித்துச் சொல்லிவிடும்.

1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் அப்படிப் பிரிக்க முடியவில்லை. ஒரு மாணவரின் கணித நோட்டுப் புத்தகத்தில் எண்களும் இயற்கணிதக் குறிகளும் வடிவியல் கோடுகளும் நிறைந்த பக்கங்களைப் பார்த்தபோது இதற்கான பொறி கிடைத்ததாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடி, வாசிக்க முடியாதபடி மலையாள எழுத்துச் சாயல் கொண்ட வரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வெளி பிறந்தது. அப்போது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். பிறரிடம் கற்ற ஆண்டுகளை வீண் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பியரிடமிருந்து பெற்ற தட்டையான நிறப்பரப்பு இல்லையென்றால் அந்த எழுத்துகள் அமர இடமிருந்திருக்காது.

1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், பத்திக் முதலிய கைவினைகளை விற்று வாழ்ந்தபடி ஓவியர்கள் தம் பாதையைத் தேடினார்கள். ஜே. சுல்தான் அலி பழங்குடி வடிவங்களை நோக்கிப் போனார். பணிக்கரின் எழுத்து முறையைப் பின்பற்றியவர்களும் இருந்தார்கள். கே. இராமானுஜம் மட்டும் முற்றிலும் வேறு. பணிக்கரின் அரவணைப்பில் வளர்ந்து, 1973இல் இளம் வயதிலேயே மறைந்த அவர், பேனாவும் மையும் கொண்டு அடர்ந்த கனவு நகரங்களை எழுதினார். பாம்புகள், சிறகுடைய உயிர்கள், நடுவே தொப்பி அணிந்த அவரே. ஆசிரியரின் கட்டங்களும் எழுத்துகளும் அந்த நகரங்களுக்குள் நுழையவில்லை. ஆசிரியரும் அவற்றைத் திணிக்கவில்லை.