திருக்கோயில் வளர்த்த இசைப் பிள்ளைகள்



எம்பெருமான் வீதியுலாவிற்கு எழுந்தருளும்போது நாகசுரத்தில் மல்லாரி முழங்குகிறது. கம்பீரநாட்டையில் அவ்வொலி கேட்டதும் நம் கைகள் தாமே குவிகின்றன. அதனை எழுப்பும் விரல்கள் எவ்வயதில், எவ்விடத்தில் பழகின என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

சைவ மரபில் குழந்தையும் இசைக்கருவியும் பிரியாதவை. சீகாழிப் பிள்ளையார் திருக்கோலக்காவில் கையால் தாளமிட்டுப் பாடக் கண்ட இறைவன், அம்மலர்க்கைகள் நோகாவண்ணம் பொற்றாளம் ஈந்தான். அதற்கு ஓசை தந்தவள் அம்மை. ஓசைகொடுத்த நாயகி என்பதே அத்தலத்தில் அவள் திருநாமம்.

அருளால் வந்த பிள்ளை ஒருவர். பயிற்சியால் வரவேண்டிய பிள்ளைகளோ பலர். இதனை நன்குணர்ந்தவன் முதலாம் இராசராசன் (985–1014). தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்கப் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கினான். அக்கல்வெட்டில் ஒரு விதி உண்டு. அவருள் ஒருவர் இறப்பினும், வேற்றிடம் போயினும், அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய பிறரைக் கொண்டு செய்விக்க வேண்டும். உரிமை பிறப்பால் வரலாம். தகுதி கற்றே வரவேண்டும் என்பது இதன் கருத்து. ஆகவே, பிள்ளைக்குக் கற்பித்தல் குடும்ப வழக்கமாக மட்டுமன்றிக் கோயிற் கடமையும் ஆயிற்று.

பிற்காலத்துக் காவிரிக்கரை நாகசுர மரபில் இக்கடமை நடந்த விதம் காண்போம். முதல்நாளே பிள்ளையின் கையில் குழலைக் கொடுப்பதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியன வாய்ப்பாட்டில் ஊன்றிய பிறகே கருவி. தவில் பயில்வோரும் சொற்கட்டுகளை வாயாற் சொல்லி, காலப்பிரமாணம் பிசகாது நின்ற பின்னரே முழுக் கச்சேரிக்கு உரியராவர்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இளமையில் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இசை கற்று, அதன் பின்னரே நாகசுரத்தில் புகழெய்தினார். அவர் வாசித்த தோடி, பாடுவதே போல் நெஞ்சைத் தொட்டதற்கு அவ்வடிப்படையும் ஒரு காரணம் எனலாம்.

அடுத்த படி, ஆசிரியருடன் திருவிழாவிற்குச் சென்று தாளம் போடுதலும் ஒத்து ஊதுதலும். ஒத்து என்பது ஆதார சுருதியை இடையறாது ஒலிக்கும் துணைக்குழல். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒலி அறுபடாமல் ஊதவேண்டும். இன்று "ஒத்து ஊதுகிறான்" என்பது ஏளனச் சொல்லாயிற்று. அன்று அதுவே பாடசாலை! தனக்கென ஒரு சுரமும் வாசியாது நின்ற பிள்ளையின் செவியில், வைகறைக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்னும் முறையெல்லாம் தாமே ஏறின.

இன்றோ ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி கொண்டது. சில கோயில்களில் மின்விசை முரசே தீபாராதனைக்கு ஒலிக்கிறது. பிள்ளைகள் கற்க வருவதில்லை என்று வருந்துகிறோம். அவர்கள் நின்று கற்ற இடத்தை நாமே எடுத்துவிட்டதை எண்ணுவதில்லை. பழனித் தேவஸ்தானப் பள்ளியும் அரசு இசைப் பள்ளிகளும் ஆற்றும் பணி போற்றத்தக்கது. எனினும், வகுப்பறை விரலைப் பழக்கும். சுவாமி புறப்பாட்டின் முறையைத் திருவீதியே பழக்கும்.

ஆதலின் அன்பர்களே, மேளத்திற்குச் சன்மானம் பேசும்போது பேரம் பேசாதீர்கள். தாளம் போடும் சிறு பிள்ளைக்கும் ஒரு பங்கு வையுங்கள். அப்பிள்ளை தாளம் தவறினால் முகம் சுளியாதீர்கள். எக்குலத்துப் பிள்ளை கற்க வரினும் இடம் கொடுங்கள். இராசராசன் அளந்த முக்குறுணி நெல்லின் பொருள் அதுவே.

திருச்சிற்றம்பலம்.