சர்ப்பகந்தியும் ஆரணித் தறியும்

ஆரணி என்றதும் பட்டும் அரிசியும் நம் நினைவுக்கு வரும். குழித்தறியில் கால்களை இறக்கி நாளெல்லாம் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு இடுப்பு வலிக்கும், கண் எரியும்; அவற்றுக்கு மருந்து தேடுவார். இரத்தக் கொதிப்போ பெரும்பாலும் வலிப்பதில்லை. வேறெதற்கோ மருத்துவமனைக்குப் போனவரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, '160க்கு 100' என்று சொல்லும்போதுதான் அப்படியொன்று இருப்பதே தெரியவருகிறது. நன்றாயிருப்பதாக நம்பும் ஒருவரை ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கச் சொல்லும் இந்த வழக்கம் மிகப் பழையதன்று.

அளக்கும் வித்தை முன்னரே வந்துவிட்டது. 1896இல் ரிவா-ரோச்சி பட்டையைக் கண்டார். 1905இல் கொரோட்கோவ் அதனுடன் ஒலி கேட்கும் முறையைச் சேர்த்தார். மருந்துதான் இல்லை. 1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது, அவருடைய மருத்துவர்களிடம் பெரிதாக ஏதுமில்லை. அந்நாளில் அங்கே கெம்ப்னர் என்பவர் சோறும் பழமும் மட்டுமே தந்து கொதிப்பைக் குறைத்தார். ஆரணி அரிசி ஆலைக்காரர்கள் மகிழ வேண்டாம். அது உப்பில்லாச் சோறு!

நம் நாட்டில் கதை வேறுவிதமாக நடந்தது. சித்தபிரமைக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் அதனைச் சோதித்த முடிவுகளைப் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்ட பின்னரே கவனம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். புகழில் பெரும்பங்கு அவர்களுக்கே போயிற்று என்பது நம் மனக்குறை. ஆனால் அம்மருந்து சிலரை மனச்சோர்வில் ஆழ்த்தியது. பின்வந்த மருந்துகள் அதனை ஓரங்கட்டின.

இன்று அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் மலிவாகவே கிடைக்கின்றன. புதிதாகக் கண்டறியப்பட்டவருக்கு மறுநாளும் அளந்து உறுதிசெய்து, சர்க்கரையும் சிறுநீரகமும் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி மருந்து தொடங்குவார்கள். இடர் அதற்குப் பின்னர்தான். அளவு இறங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடுகிறார்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் மாத்திரை வாங்க அரைநாள் வரிசையில் நின்றால் தறி நிற்கும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க முயல்கிறது. தன்னார்வலப் பெண்கள் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். வரும்போது பட்டையும் கருவியும் அவர்கள் பையில் இருக்கும்.