ரொக்கமா, சேவையா: முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில் ஜெர்மனியும் ஜப்பானும்

முதுமையில் நடமாட்டம் இழந்தவரைக் கவனிக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் தோளிலிருந்து சற்றேனும் இறக்கிவைக்க, சமூகக் காப்பீட்டை வழியாகத் தேர்ந்தெடுத்த நாடுகளில் ஜெர்மனியும் ஜப்பானும் முக்கியமானவை. ஜெர்மனியின் பராமரிப்புக் காப்பீடு 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஊன்றிப் படித்த ஜப்பான், 1997இல் தனக்கான சட்டத்தை இயற்றி, 2000 ஏப்ரலில் செயல்படுத்தியது. இரண்டையும் ஒப்பிடுவோர் பொதுவாக நிதியாதாரத்தில் தொடங்குவர். ஜெர்மனியில் ஊழியரும் முதலாளியும் செலுத்தும் சந்தாவே அடித்தளம். ஜப்பானில் பாதி வரிப்பணம், மீதி 40 வயதைக் கடந்தோர் செலுத்தும் சந்தா. இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆயினும் இரு சட்டங்களின் உள்ளியல்பைக் காட்டுவது வேறொன்று: ஜெர்மனி குடும்பத்தின் கையில் பணம் தருகிறது, ஜப்பான் தர மறுத்தது.

ஜெர்மானியச் சட்டம் வீட்டுப் பராமரிப்புக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வீட்டிலிருக்கும் பயனாளி தொழில்முறைச் சேவையைப் பெறலாம்; அதற்குப் பதிலாக ரொக்கமும் வாங்கலாம். 2025இல் பராமரிப்புத் தேவையில் இரண்டாம் நிலையில் உள்ள பயனாளிக்குச் சேவையாக எடுத்தால் மாதம் 796 யூரோ வரை உரிமை உண்டு. ரொக்கமாக எடுத்தால் 347 யூரோதான். பாதிக்கும் குறைவான தொகை என்று தெரிந்தும் வீட்டிலிருப்போரில் பெரும்பாலோர் ரொக்கத்தையே கேட்கின்றனர். பணம் முதியவரின் கணக்கில் சேர்கிறது. அவர் அதை மகளிடமோ மனைவியிடமோ கொடுக்கிறார். சட்டத்தின் பார்வையில் அது கூலியன்று. அதே சமயம், வாரத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பராமரிக்கும் உறவினருக்காகக் காப்பீட்டை நடத்தும் பராமரிப்பு நிதியமே ஓய்வூதியச் சந்தா செலுத்துகிறது. இந்த ஏற்பாடு ஒப்பாய்வுகளில் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் கருத்து.

ஜப்பானில் ரொக்கத்தை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பெண்களே. ஹிகுச்சி கெய்கோ தலைமையிலான பெண்கள் அமைப்பு, பணம் கொடுத்தால் மருமகள் மாமனார் மாமியாரின் படுக்கையருகே இன்னும் இறுகக் கட்டப்படுவாள் என்று வாதிட்டது. எதிர்த்தரப்பும் வலுவாக இருந்தது. 1999இல், சட்டம் நடைமுறைக்கு வரச் சில மாதங்களே இருந்தபோது, ஆளுங்கட்சியின் கொள்கைக் குழுத் தலைவர் கமேய் ஷிசுகா, பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் நல்வழக்கத்தை இது குலைக்கும் என்றார். சமரசமாக, 65 வயதைத் தாண்டியோரின் சந்தா முதல் ஆறு மாதங்களுக்குத் தள்ளுபடியானது; காப்பீட்டுக்கு வெளியே மிகச் சிறிய உதவித்தொகை ஒன்றும் வந்தது. காப்பீட்டுக்குள் ரொக்கம் நுழையவில்லை. பராமரித்தோரில் பெரும்பாலோர் பெண்களாகவும், அவர்களில் மருமகளின் பங்கு பெரிதாகவும் இருந்த சமூகத்தில் அந்த மறுப்பு சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஊருக்குள் உதவியாளர்களும் பகல்நேர மையங்களும் பெருகியதற்கு அதுவே காரணம். பணமாகக் கொடுத்திருந்தால் அவற்றுக்கான தேவையே எழாமல் போயிருக்கும்.

ஆனால் மறுப்பு பாதி வேலைதான். வீட்டுக்கு வரும் உதவியாளர் பயனாளிக்கு மட்டுமே சமைக்கலாம். அவருடைய அறையை மட்டுமே கூட்டலாம். உடன் குடும்பத்தினர் வசித்தால் வீட்டுவேலை உதவி பொதுவாகக் கிடைப்பதில்லை. அதாவது, குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது என்று விதி எண்ணிக்கொள்கிறது. அந்த உழைப்புக்கு எந்த உரிமையும் தருவதில்லை. பராமரிப்பு விடுப்போ மொத்தம் 93 நாள். பல ஆண்டுகள் நீளும் மறதிநோய்க்கு அது எம்மூலைக்கு? குடும்பத்தினரைப் பராமரிக்க வேலையை விடுவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் பேர். 65 வயதைக் கடந்தோரின் சராசரி மாதச் சந்தா 2000இல் 2,911 யென். 2024இல் 6,225 யென். சந்தா இரட்டிப்புக்கு மேல் ஏறியும், வீடுதேடி வரும் உதவியாளர் கிடைப்பது அரிதாகிவருகிறது. இந்நிலையில் 2024இல் அச்சேவைக்கான அடிப்படைக் கட்டணத்தை அரசு குறைத்தது பெரும் பிழை. ஆள் இல்லாத சேவைக்கான உரிமை ஏட்டில் மட்டுமே வாழும்.

ஜெர்மனியின் நோய் வேறு. ரொக்கம் எங்கே போகிறது என்பதை அரசு ஆழ்ந்து பார்ப்பதில்லை. போலந்து, பல்கேரியா, ருமேனியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து முதியவரின் வீட்டிலேயே தங்கி உழைக்கும் பெண்களின் மீது ஒரு பெருஞ்சந்தை எழுந்திருக்கிறது. அவர்களில் ஒருவரான பல்கேரியப் பெண், வாரத்துக்கு 30 மணிநேரம் என்ற ஒப்பந்தத்தின்கீழ் இரவும் பகலும் தயார்நிலையில் இருக்க நேர்ந்ததாக வழக்குத் தொடுத்தார். 2021 ஜூனில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானது. அதன்படி கூலி கொடுக்க மாதம் 347 யூரோ எந்த மூலைக்கும் போதாது என்பதும் உண்மை. ஆக, ஜப்பானில் மருமகளைக் குறித்து எழுந்த அச்சம் ஜெர்மனியில் எல்லை கடந்து வந்த இன்னொரு பெண்ணின் வாழ்வில் மெய்யாகியிருக்கிறது.

எனவே குடும்ப மரபு கொண்ட கிழக்கு, தனிமனிதனைப் போற்றும் மேற்கு என்ற பழைய வாய்ப்பாடு இங்கே உதவாது. குடும்பத்தை நம்பிச் சட்டம் எழுதியது ஐரோப்பிய நாடு. குடும்பத்திடமிருந்து பெண்ணை விடுவிக்க முயன்றது ஆசிய நாடு. பராமரிப்பவர் இழப்பது என்ன, அதில் எவ்வளவு அவருக்குத் திரும்புகிறது என்பதே இச்சட்டங்களை நிறுக்கும் அளவுகோலாக இருக்கவேண்டும். அவ்வகையில், ஜெர்மனி செலுத்தும் ஓய்வூதியச் சந்தாவை ஜப்பான் எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. அது ரொக்கமாகக் குடும்பத்தின் கைக்கு வராமல் பராமரிப்பவரின் பெயரிலேயே சேர்வதால் ஹிகுச்சி தரப்பின் ஆட்சேபம் அதைப் பெரிதும் தொடாது. ஒவ்வொரு பயனாளிக்கும் மாதந்தோறும் திட்டம் வகுக்கும் ஜப்பானின் பராமரிப்பு மேலாளரைப் போன்ற ஒருவர், ரொக்கம் பெறும் ஜெர்மானிய வீடுகளுக்கு உடனடித் தேவை. 2008இல் காப்பீட்டைத் தொடங்கிய தென் கொரியாவில், பயிற்சிச் சான்றிதழ் பெற்ற உறவினர் தம் பெற்றோரைக் கவனிக்கும் நேரத்தில் ஒரு வரையறுத்த பகுதிக்கு ஊதியம் பெறலாம். அங்கும் அச்சான்றிதழ் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்கள். ஊதியம் வந்த பிறகும் ஆண்கள் ஏன் வரவில்லை என்பதை இம்மூன்று நாடுகளின் சட்டங்களும் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.